கவார்த்வா கோட்டையை ஒரே கதையாக்கிவிடாதீர்கள்

தெற்கு வேல்ஸின் மெர்த்தர் டிட்வில் ஊர் மன்றத்தாருக்கும், கவார்த்வா கோட்டை அருங்காட்சியகத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். வெல்ஷில் கடிதம் போட்டால் வெல்ஷிலேயே பதில் எழுத வேண்டும் என்று உங்கள் அலுவலகத்துக்கு விதி உண்டு, தமிழுக்கு அப்படி எதுவும் இல்லை என்பது தெரியும். சாரத்தை ஆங்கிலத்தில் தனியாக அனுப்பிவிடுகிறேன். தெற்கு வேல்ஸில் குடியிருந்துகொண்டு, லீவு விட்டால் பிள்ளைகளை லண்டன் மியூசியத்துக்கு மட்டும் ரயிலேற்றிக் கூட்டிப்போகிற நம் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கவார்த்வா அறக்கட்டளை சில வருடங்களுக்கு முன் ஒரு பெருந்திட்டம் வெளியிட்டது. கோட்டையைச் சீர்செய்து, பூங்காவை விரிவாக்கி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிதைந்து கிடக்கும் பழைய உலைகளையும் சேர்த்து, உலகம் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அருங்காட்சியகம் அமைப்பது என்று. நல்ல யோசனை, செய்யுங்கள். முதல் தரக் காப்புப் பட்டியலில் இருக்கிற கட்டடம் அது, கூரையைக் காப்பாற்றவே பணம் வேண்டும். என் கவலை கட்டடத்தைப் பற்றியது இல்லை. பெரிய பணம் வரும்போது கூடவே ஆலோசகர்கள் வருவார்கள், ஆலோசகர்கள் வந்தால் "உங்கள் கதை என்ன, ஒரு வரியில் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள், மெர்த்தர்காரர்கள் உடனே "இரும்பு" என்பார்கள். அப்புறம் அந்த ஒரு வரிக்குள் அடங்காத எல்லாமே கிடங்குக்குப் போகும். அப்படி யாரும் முடிவெடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

இந்த மியூசியத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். கோட்டை என்றதும் செஞ்சி, வேலூர் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டைக்குக் கட்டியது இல்லை. வில்லியம் கிராஷே என்ற இரும்பாலை முதலாளி 1824-25ல் ராபர்ட் லூகர் என்ற கட்டடக் கலைஞரை வைத்துச் சுமார் 30,000 பவுண்டு செலவில் கட்டிக்கொண்ட வீடு. கோபுரமும் கொத்தளமும் சும்மா பந்தாவுக்கு. அவருடைய அப்பாவுக்கே இந்தச் செலவு பிடிக்கவில்லை. ஆனால் மகனுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது: ஜன்னல் வழியாகப் பார்த்தால் டாஃப் ஆற்றுக்கு எதிர்ப்புறம் சொந்த உலைகள் எரிவது தெரியும். ஊரில் இருக்கிறவர்களுக்கும் நிமிர்ந்தால் முதலாளி வீடு தெரியும்.

1801ல் எடுத்த முதல் குடிமதிப்பில் வேல்ஸிலேயே பெரிய ஊர் மெர்த்தர்தான், ஜனத்தொகை 7,705. ஐம்பது வருடத்தில் அது 46,000 தாண்டியது. இவ்வளவு பேரை இழுத்த ஆலைகளில் ஒன்று கவார்த்வா. 1910ல் அந்த ஆலை மூடியது. அதே 1910ல் முதலாளியின் வீடு ஊருக்கு மியூசியமாகத் திறந்தது. முதல் உலகப் போரில் ஆலை கொஞ்ச நாள் மறுபடி ஓடி, 1919ல் நின்றே போனது. 1913 முதல் கோட்டையின் இன்னொரு பகுதியில் பள்ளிக்கூடமும் நடந்தது. ஒரு பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்க, இன்னொரு பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் எகிப்து.

எகிப்தா என்று கேட்கிறீர்களா? ஆமாம், எகிப்துதான். ஊர்ப் பத்திரிகை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஹாரி ஹார்ட்லி சௌதி என்பவர் சேர்த்த பழம்பொருள்கள் இங்கே இருக்கின்றன. ஆலோசகர் முதலில் கை வைக்கப்போவது இதில்தான் என்று எனக்குப் பட்சி சொல்கிறது. "நிலக்கரிப் பள்ளத்தாக்கில் பிரமிடுக்கு என்ன வேலை?" கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இந்த மாதிரிச் சேகரிப்புகளில் தவறாமல் இருக்கிற உஷப்தி என்ற சின்ன உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், பெரும்பாலும் நீலப்பச்சை மெருகு, மார்பில் குறுக்காக மடக்கிய இரண்டு கை, உற்றுப் பார்த்தால் கையில் மண்வெட்டி, முதுகுப்பக்கம் ஒரு கூடை. செத்தவனை மறு உலகத்தில் வயல் வேலைக்குக் கூப்பிட்டால் அவனுக்குப் பதிலாக "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து போக வேண்டியது இந்தப் பொம்மையின் வேலை. கூப்பிட்ட குரலுக்கு ஓடித்தான் இந்த ஊரில் நூறு வருடத்துக்கு மேல் ஆட்கள் உலைக்குப் போனார்கள். எந்த ஊர்க் குழந்தையைவிடவும் மெர்த்தர் குழந்தைக்கு அந்தப் பொம்மை புரியும். அதைக் கார்டிஃபுக்கோ லண்டனுக்கோ கொடுத்துவிட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கிற கூட்டத்தில் இன்னொன்றாகத்தான் போய் நிற்கும்.

அது எப்படி எகிப்தைவிட்டு வந்தது, யார் தோண்டினார்கள், யார் விற்றார்கள், அந்த நாளில் எகிப்தை ஆண்டுகொண்டிருந்தது யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எகிப்துக்காரர்கள் ஒருநாள் கேட்டால் அது வேறு பேச்சு, மரியாதையாகப் பேச வேண்டிய பேச்சு. "நம் கதைக்குப் பொருந்தவில்லை" என்று சொல்லிக் கிடங்கில் போடுவது மட்டும் வேண்டாம்.

இரும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் அதற்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். 1804 பிப்ரவரி 21 அன்று ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி எஞ்சின் மெர்த்தரின் பெனிடாரன் ஆலையிலிருந்து அபர்கனன் வரை, பத்து மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரம், 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு போனது. தண்டவாளத்தில் சுமை இழுத்துப் போன முதல் நீராவி எஞ்சின் என்று உலகம் கொண்டாடுவது அதைத்தான். நாலு மணி நேரம் ஐந்து நிமிடம் பிடித்தது. வார்ப்பிரும்புத் தண்டவாளம் எஞ்சினின் கனம் தாங்காமல் உடைந்தது வேறு கதை. அந்த எஞ்சின் இன்று இல்லை. அதன் ஓடுகிற நகலைப் பார்க்க வேண்டுமானால் ஸ்வான்சீ கடற்கரை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கிழக்கே சில பள்ளத்தாக்குகள் தாண்டி இருக்கிற பிளைனாவன் 2000லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. அங்கே உலையும் இருக்கிறது, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கவும் முடியும். ஆக, "தென் வேல்ஸின் இரும்புக் கதை" என்று ஒரே கதையை நீங்களும் சொன்னால், ஏற்கெனவே நன்றாகச் சொல்கிற இரண்டு பேரோடு போட்டி போடுகிறீர்கள். அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிற இந்தக் கதம்பம்தான்.

கதம்பத்தில் எனக்குப் பிடித்தது பென்ரி வில்லியம்ஸ். 1802ல் மெர்த்தரில் பிறந்தவர், வீடுகளுக்குச் சாயம் பூசுகிறவரின் மகன். பையன் நன்றாக வரைகிறான் என்று கிராஷே கைதூக்கிவிட, லண்டன் ராயல் அகாடமிக்குப் படிக்கப் போனார், பிறகு ரோம் போய் அங்கேயே தங்கி 1885ல் இறந்தார். 1825ல் அவர் வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்று, கவார்த்வா ஆலையின் உட்புறம், ராத்திரி வேளை, உங்களிடம்தான் இருக்கிறது. கூரை எலும்புக்கூடு மாதிரி மேலே இருட்டில் நீள்கிறது, கீழே பழுத்த இரும்பின் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் நின்று வேலை செய்கிற ஆட்கள் சின்னச் சின்னதாக. முகம் யாருக்கும் தெளிவாக இல்லை. அதே வருடம்தான் கோட்டையும் கட்டி முடிந்தது என்பதை அந்தப் படத்தின் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும், வேறு விளக்கமே வேண்டாம்.

அப்புறம் அந்த பேண்டு வாத்தியங்கள். வில்லியமின் மகன் ராபர்ட் தாம்ஸன் கிராஷே 1838ல் ஒரு பித்தளை வாத்தியக் குழு ஆரம்பித்தார். முதலாளிக்கு இசைப் பித்து. ஊர்த் தொழிலாளர்களோடு வெளியூர்க் கலைஞர்களையும் கொண்டுவந்து சேர்த்து, ஐரோப்பாவின் பெரிய இசைநாடகப் பகுதிகளை எல்லாம் அந்தக் குழுவுக்கென்று எழுதச் சொல்லி வாசிக்க வைத்தார். ஆஃபிக்ளைட் என்று ஒரு வாத்தியம், சாவிகள் வைத்த பெரிய பித்தளைக் குழல், இப்போது வாசிக்கிறவர்கள் அபூர்வம். அதில் அந்தக் காலத்திலேயே பெயரெடுத்த சாம் ஹ்யூஸ் இந்தக் குழுவில் வாசித்தவர். வாத்தியங்களும் கையால் எழுதிய இசைப் பிரதிகளும் உங்கள் மியூசியத்தில் பிழைத்துக் கிடந்ததால்தான், 1990களில் வாலஸ் கலெக்‌ஷன் என்ற பித்தளை வாத்தியக் குழுவினர் அந்தப் பிரதிகளைப் பார்த்து, பழைய வாத்தியங்களிலேயே அதை மறுபடி வாசித்துப் பதிவு செய்ய முடிந்தது. உலகத்தில் வேறெங்கே ஒரு தொழிற்சாலை பேண்டின் சத்தத்தை இப்படித் திரும்ப எழுப்ப முடியும்? ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் ஊமையாக வைத்திருந்தால் பார்க்கிறவனுக்கு அது பழைய பித்தளை, அவ்வளவுதான். நாதஸ்வரத்தைக் கண்ணாடிக்குள் வைத்து "இது காற்று வாத்தியம்" என்று அட்டை எழுதினால் நாங்கள் சும்மா விடுவோமா? அந்த அறையில் சத்தம் வேண்டும். ஹெட்ஃபோனில் வேண்டாம், அறை முழுக்கக் கேட்க வேண்டும், அடுத்த அறைக்குக் கேட்டாலும் பரவாயில்லை.

இந்த ராபர்ட்டுக்கு புகைப்படப் பித்தும் உண்டு. மகளை உதவியாளாக வைத்து வாட்டி எடுத்திருக்கிறார். ஆலையில் ஆட்களோடு மோதி, 1874ல் உலைகளை மூடியவரும் இவர்தான். 1879ல் செத்தபோது வேய்னர் மயானத்தில் பல டன் எடையுள்ள ஒற்றைக் கல்லை மேலே போட்டு, "கடவுளே என்னை மன்னியும்" என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். அவர் மனைவி ரோஸ் மேரியோ பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர், பெண் எழுத்தாளர்களுக்குப் பரிசு நிறுவியவர். ஒரே வீட்டுக்குள் இத்தனை. "இரும்பு மன்னர்கள்" என்று ஒரு பலகையில் இவர்களை அடைத்தால் எது மிஞ்சும்?

கிராஷேக்களுக்கு முன்னால் ஆலையை 1765ல் தொடங்கிய ஆண்டனி பேக்கனையும் விட்டுவிடாதீர்கள். பீரங்கி வார்த்தவர். அதோடு மேற்கு ஆப்பிரிக்கப் படைகளுக்குச் சரக்கு அனுப்பியும், கரீபியன் தீவுகளில் அரசு வேலைக்கு அடிமைகளைக் கொடுத்தும் ஒப்பந்தங்களில் காசு பார்த்தவர். கவார்த்வாவைத் தொடங்கியவரின் காசு எங்கிருந்தெல்லாம் வந்தது என்பதற்கு ஒரு பதில் இதில் இருக்கிறது. இதை ஓரத்துப் பலகையில் சின்ன எழுத்தில் போடாமல் வாசலிலேயே சொல்லுங்கள்.

1831ஐப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கூலிக் குறைப்பு ஒரு பக்கம், கடன் நீதிமன்றம் இன்னொரு பக்கம். கடன் கட்டாதவன் வீட்டுக்குள் ஆள் புகுந்து நாற்காலி, படுக்கை, கடிகாரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். மே மாதக் கடைசியில் ஹிர்வாயின் என்ற ஊர்ப் பக்கத்தில் லூயிஸ் லூயிஸ் என்பவர் வீட்டில் ஒரு மரப்பெட்டியை ஜப்தி செய்தார்கள். மறுநாள் கூட்டம் போய் அந்தப் பெட்டியை மீட்டது. அதோடு நிற்கவில்லை, மெர்த்தருக்குள் வந்து வீடு வீடாகப் போய், ஜப்தியான பொருள்களை எல்லாம் தேடியெடுத்து உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு நாலைந்து நாள் ஊர் தொழிலாளர் கையில் இருந்தது. செங்கொடி தூக்கினார்கள். ஜூன் 3 அன்று காஸில் இன் விடுதி வாசலில் ராணுவம் சுட்டதில் 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். லூயிஸை நாடு கடத்தினார்கள். ஒரு சிப்பாயைக் குத்தியதாகக் குற்றம் சாட்டி, டிக் பெண்டரின் என்று ஊர் அழைக்கும் ரிச்சர்ட் லூயிஸை ஆகஸ்ட் 13 அன்று கார்டிஃபில் தூக்கிலிட்டார்கள். வயது இருபத்துமூன்று. அந்தச் சிப்பாய் சாகக்கூட இல்லை. தூக்கு வேண்டாம் என்று 11,000 பேர் கையெழுத்துப் போட்டும் பலிக்கவில்லை.

எனக்கு இதில் விடாமல் மனதில் நிற்பது அந்த மரப்பெட்டி. சாமான்களுக்காகக் கலகம் செய்த ஊர் இது. யாருடைய பொருள், யார் தூக்கிப் போனார்கள், யாரிடம் சேர வேண்டும் என்று தெருத் தெருவாகப் போய்ப் பார்த்த ஊர். அப்படிப்பட்ட ஊரின் மியூசியத்தில், ஒவ்வொரு பொருளுக்கும் "இதைக் கொடுத்தது யார், அவர் கைக்கு எப்படி வந்தது" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டாமா? பெயர் வெளியிடச் சம்மதிக்காதவர்கள் பெயர் வேண்டாம். "டௌலைஸ் தெரு ஒன்றிலிருந்து, உருக்காலையில் வேலை பார்த்தவரின் பேத்தி" என்று போட்டாலும் போதும்.

கைவிட்டுப் போனதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். மெர்த்தரிலேயே இருந்த டௌலைஸ் ஆலையின் முதலாளி ஜான் கெஸ்ட்டின் மனைவி சார்லட், வெல்ஷ் பழங்கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கணவர் 1852ல் இறந்தபின் ஆலை நிர்வாகத்தைக் கொஞ்ச காலம் கையில் வைத்திருந்தவர். மறுமணத்துக்குப் பிறகு ஐரோப்பா முழுக்க அலைந்து பீங்கான் சேர்த்தார். பிரமாதமான சேகரிப்பு. 1884ல் அதை லண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார், இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் பொருள், அவர் இஷ்டம், தப்புச் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் அலமாரியில் இருக்கிற, தென் வேல்ஸிலேயே செய்த நான்ட்கரு, ஸ்வான்சீ பீங்கான் தட்டுகளைப் பார்க்கிறபோது அந்த ஞாபகம் வராமல் இருக்காது. மிச்சம் இருப்பதையாவது சிதறவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

துணிமணிப் பகுதி: டௌலைஸில் பாட்டி வீட்டில் 1925ல் பிறந்த லாரா ஆஷ்லியின் பூப்போட்ட உடைகள் ஒரு பக்கம், மெர்த்தர்க்காரரான ஜூலியன் மக்டொனால்டின் மினுமினுக்கும் கவுன்கள் ஒரு பக்கம். இதற்கு நான் வக்காலத்து வாங்கத் தேவையில்லை, கூட்டம் தானாக வரும்.

கடைசியாக, ஆனால் அவசரமானது இதுதான்: ஹூவர். 1948ல் மெர்த்தரையொட்டிய பெண்ட்ரபாக்கில் ஹூவர் கம்பெனியின் வாஷிங் மெஷின் ஆலை திறந்தது. உலை அவிந்து, முப்பதுகளில் ஊரில் பாதிக்கு மேல் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பிறகு வந்த ஆலை அது. ஆயிரக்கணக்கில் வேலை, பெண்களுக்கும் வேலை. 2009 மார்ச்சில் மூடியது. நடுவில் 1985ல் அங்கே தயாரான இன்னொரு அதிசயம் சின்கிளேர் சி5. தரையோடு தரையாக உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே இருக்கிற ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, பேட்டரி தீர்ந்தால் பெடல் மிதித்துப் போக வேண்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் மூன்று சக்கர வண்டி. 399 பவுண்டு, மணிக்கு 15 மைல், பதினாலு வயசானால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம். ஜனவரிக் குளிரில் பனி கொட்டும்போது அறிமுகம் செய்தார்கள், ஆகஸ்ட் மாதத்துக்குள் உற்பத்தி நின்றது. "வாஷிங் மெஷின் மோட்டாரை மாட்டிவிட்டார்கள்" என்று நாடே சிரித்தது. மோட்டார் வந்தது இத்தாலியிலிருந்து. மெர்த்தர் ஆட்கள் தங்களிடம் கொடுத்ததை ஒழுங்காகத்தான் பூட்டிக் கொடுத்தார்கள், சிரிப்பு மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது.

எகிப்துக்கு அறிஞர்கள் இருக்கிறார்கள், பென்ரி வில்லியம்ஸுக்கு ஓவியமே இருக்கிறது. அவை இன்னும் பத்து வருடம் காத்திருக்கும். ஹூவர் லைனில் டிரம் பூட்டினவர்கள், கேண்டீன் நடத்தினவர்கள், தொழிற்சங்கக் கூட்டத்தில் கத்தினவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஐம்பதுகளில் சேர்ந்தவர்களுக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது. மியூசியத்தில் வைக்கிற வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அவர்களுடைய குரல் இல்லையென்றால் அது யார் வீட்டுப் பின்கட்டிலும் கிடக்கிற பழைய மெஷின்தான். ஏற்கெனவே யாராவது பதிவு செய்து வைத்திருந்தால் ரொம்ப நல்லது, அதை மியூசியத்துக்குள் கொண்டுவாருங்கள். பதிவு செய்யாத ஆட்கள் எப்படியும் மிச்சம் இருப்பார்கள்.

பெரிய நிதி வருவதற்கோ கூரை வேலை முடிவதற்கோ இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நல்ல ரெக்கார்டர், வெல்ஷும் ஆங்கிலமும் பேசுகிற இரண்டு பேர், டீ பிஸ்கட்டுக்குக் கொஞ்சம் காசு. இந்தக் குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிடலாம். கடிதத்தில் வேறு எதற்குப் பதில் எழுதாவிட்டாலும் இதற்கு மட்டும் யார் பொறுப்பு, எப்போது தொடங்குகிறார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஆங்கிலத்தில் போதும்.

இப்படிக்கு,
பக்கத்துப் பள்ளத்தாக்கில் வசிக்கும் ஒரு தமிழ்க்காரன்